பூதத்துக்குக் குறைந்த பத்து வடை

ஜெயகுமாரி டீச்சர் கதைப் புத்தகத்தை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. வலது ஆள்காட்டி விரலைப் பக்கங்களுக்கு நடுவே விட்டு, பட்டென்று மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். விரல் உள்ளேயே இருக்கும். "அப்ப மொத்தம் எத்தனை?" என்பார். மூன்றாம் வகுப்பு கணக்குப் போட்டு விடை சொன்னால்தான் விரல் நகரும், கதையும் நகரும். காக்கித்தாள் அட்டை போட்ட புத்தகம். "படம் காட்டுங்க டீச்சர்" என்று யார் கெஞ்சினாலும் காட்டமாட்டார்.

1987. பட்டாபிராமில் அந்த மிஷன் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு வாத்தியார். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அவர் கதை தொடங்கினால் என் பிள்ளைகளின் கழுத்தெல்லாம் தட்டிப் பக்கம் திரும்பிவிடும். என் கழுத்தும்தான், யாரைத் திட்டுவது?

அவர் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருவார். வேலை தற்காலிகம். ஆய்வுக்கு வரும் அதிகாரி கணக்குப் பாடத்தைப் பார்த்து நல்லபடி எழுதினால்தான் நிரந்தரம். இல்லையென்றால் அந்த வருடத்தோடு சரி. தலைமையாசிரியர் ஜோசப்ராஜ் ஆய்வுக்கு முதல் நாளே கெஞ்சினார்: "நாளைக்கு ஒரு நாள் அந்தப் புத்தகத்த பீரோவுல பூட்டி வைம்மா. வாய்ப்பாடு சொல்ல வெச்சா போதும்."

"சரிங்க சார்."

மறுநாள் அதிகாரி பக்தவத்சலம் வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழாம் வாய்ப்பாடு தொடங்கியது. ஏழு மூணு இருபத்தொன்றைத் தாண்டுவதற்குள் முன்வரிசை வேம்புலி எழுந்துவிட்டான்.

"டீச்சர், பூதம் நேத்துலேர்ந்து கல்யாண ஊட்டு வாசல்லயே நின்னுகினு கீது. உள்ள போச்சா, இல்லியா?"

அதிகாரி நிமிர்ந்தார். "எந்த பூதம்?"

நான் தட்டி இடுக்கில் கண்ணை வைத்தேன். டீச்சர் வாசலில் நின்ற ஜோசப்ராஜைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். பீரோவைத் திறந்துவிட்டார்.

"பூதம் உள்ளே போய் ஏழு இலையை வரிசையாகப் போடச் சொன்னது. இலைக்குப் பன்னிரண்டு வடை." விரல். பட். நெஞ்சு. "மொத்தம் எத்தனை?" பிள்ளைகள் சிலேட்டில் குனிவதற்குள் பதற்றத்தில் அவரே புத்தகத்தைத் திறந்து வாசித்துவிட்டார்: "எழுபத்து நான்கு வடையையும் பூதம் விழுங்கியது."

"தப்பு டீச்சர்! எம்பத்து நாலு!"

"பத்து வடைய எவனோ அமுக்கிக்கினான் டீச்சர்!"

"பூதமே இடுப்புல சொருவிக்கினு இருக்கும்."

"அது இன்னாத்துக்குடா சொருவுது? அதுக்கு இன்னா ஊட்ல தங்கச்சியா கீது?" என்றாள் குப்பம்மா.

தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து என் வகுப்பு கத்தியது: "பரிமாறுனவன புடிங்க டீச்சர்!" தட்டி சாய்ந்தது. தாங்கிப் பிடித்தேன், சிரிப்பில் கை நழுவியது. ஜோசப்ராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அதிகாரி எழுந்து வந்து கையை நீட்டினார். "குடுங்கம்மா. அச்சுலயே அப்படித்தான் இருக்கா?"

டீச்சர் புத்தகத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். பிறகு கொடுத்தார். அதிகாரி பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி பக்கத்தை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "பத்து வடை எங்கே என்று பூதம் கர்ஜித்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் மூன்று திருடர்கள்! அவர்கள் சமமாகப் பங்கு போட்டபோது..."

அதிகாரியின் விரல் பக்கங்களுக்கு நடுவே போனது. பட். புத்தகம் அவர் நெஞ்சில். "ஆளுக்கு எத்தனை?"

"மூணு! ஒண்ணு மிச்சம்!"

"மிச்சம் யாருக்கு?"

"உங்களுக்கு சார்!" என்றான் வேம்புலி.

அறிக்கையில் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜூனில் டீச்சர் நிரந்தரமானார்.

1994-இல் பள்ளி புதுக்கட்டடத்துக்கு மாறியபோது பீரோவை ஒழித்தது நான்தான். அந்தப் புத்தகம் இருந்தது. காக்கித்தாள் நைந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்க மலையாளம். ராணுவக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனதாம். படங்களில் ஒரு படகு, இரண்டு வாத்து. பூதமும் இல்லை, வடையும் இல்லை.

"உங்களுக்கு மலையாளம் தெரியுமா டீச்சர்?"

"ஒரு எழுத்து தெரியாது சார். வெறும் வாயால சொன்னா அது டீச்சர் குடுக்கிற கணக்கு. கையில புத்தகம் இருந்தாத்தான் பசங்களுக்கு அது கதை."

பிறகு பக்தவத்சலத்தைப் பற்றி விசாரித்தேன். திருத்தணிக்காரர். அவருக்கும் மலையாளம் தெரியாது.