பந்தய இஞ்சினும் அத்தானும்

எனக்கு என் அத்தான் மேல் பொறாமை. அக்காள் புருசன் என்றும் பார்க்கவில்லை, வயதில் மூத்தவர் என்றும் பார்க்கவில்லை, வயிறு திகுதிகுவென்று எரிந்தது. மரியாதைக்கு இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் மனதுக்குள் ‘அவன்’தான்.

எல்லாம் ஒரு இஞ்சினால் வந்தது. உலகச் சண்டை முடிந்த கையோடு, கொழும்பில் வியாபாரம் செய்த காயல்பட்டினத்து முதலாளி ஒருவர், ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரனிடம் அதை வாங்கித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற இஞ்சின். ஆனால் சரக்குத் தோணியை இழுக்கிற ரகம் இல்லை, பந்தயத்துக்கென்றே செய்தது. சண்டைக்கு முந்தி அமெரிக்காவில் இப்படிப்பட்டவற்றைப் போட்டி போட்டுச் செய்தார்களாம். எடையைக் குறை, வேகத்தைக் கூட்டு, அவ்வளவுதான் பேச்சு. சண்டை வந்ததும் பட்டறைகளெல்லாம் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டன, பந்தய இஞ்சின் செய்வது நின்றுபோனது. அதனால் பழையதை ஒட்டுப்போட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஒட்டுப்போட்டது யார்? துறைமுகத்து லாஞ்ச் பட்டறையில் பிட்டராக இருந்த நான்தான்.

அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். இரண்டு சிலிண்டர்கள், ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக வெளியே போகும், ஒன்றாக உள்ளே வரும். ஒன்றின் உதறலை மற்றது தின்றுவிடும். லாஞ்ச் இஞ்சின் மாதிரி மண்டையில் வால்வு கிடையாது. கிராங்குத் தண்டோடு சுற்றுகிற ஒரு தட்டு, அதில் ஒரு ஓட்டை, ஓட்டை நேரே வரும்போது மட்டும் எரிபொருள் கலவை உள்ளே போகும். சைலன்சர் கிடையாது. தண்ணீர் ஏற்றப் பம்பும் கிடையாது, படகு போகிற வேகத்திலேயே கடல்தண்ணீர் ஏறிச் சிலிண்டரைக் குளிர வைக்கும். குடிக்கிறது ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் ஒழுங்காகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். எவ்வளவு சூட்டிலும் பிஸ்டனைக் கைவிடாது. கிளப்பினால் துறை முழுக்க அந்த வாடைதான். “என்னடே, இஞ்சினுக்குப் பேதிக்குக் குடுத்திருக்கியா?” என்று தோணிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

ஓடி வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அதற்குக் குடம் சுமந்தவனும் நான்தான். “ஏலே, பிள்ளைகளுக்குக் கூட இப்படித் தண்ணி மோந்து ஊத்தலையே!” என்று அக்காள் கத்துவாள்.

இத்தனையும் செய்தவனை விட்டுவிட்டு முதலாளி யாரிடம் இஞ்சினைக் கொடுத்தார்? அத்தானிடம். அவர் சங்கு குளிக்கிறவர். ஆள் ஒல்லி, எடை இல்லை, நெஞ்சில் பயம் என்பது துளி கிடையாது. “நீங்க கரையில இரிங்க தம்பி. வைத்தியரு எங்கயாவது நோயாளி தோள்ல ஏறுவாரா?” என்றார் முதலாளி. நான் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தொடவில்லை. ஒரு ஸ்பானரைக் கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத மனுசன் அவர்!

ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தலையெழுத்தும் என்னுடையதுதான். மண்டிபோட்டு உட்கார வேண்டும். ஒரு கையில் ஸ்டீரிங், மறு கையில் பிடி. பிடியை இறுக்கினால் வேகம், விட்டால் ஸ்பிரிங் இழுத்து இஞ்சின் அடங்கிவிடும். “கவுந்தா தப்பிக்கத்தான் அத்தான் அந்த ஸ்பிரிங்கு” என்றேன். “சரிலே மாப்ள, சரி” என்றார். ஓட்டினார், பாவி மனுசன், நன்றாகவே ஓட்டினார். முயல்தீவு வரைக்கும் படகு தண்ணீரில் பட்டும் படாமலும் போனது. கரையில் நின்று விசில் அடித்தவர்கள் ஒருவராவது என் பக்கம் திரும்பியிருப்பார்களா?

துறைமுகத்துத் துரைமார்களிடமும் இப்படி ஒரு போட் இருந்தது. முதலாளி பந்தயம் பேசிவிட்டார். அன்றைக்கு அக்காள் ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கிறவனுடைய கயிற்றை மேலே படகில் பிடித்திருக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான். கூடப்பிறந்தவள் தாலியை அவன் நழுவ விடமாட்டான் என்கிற கணக்கு. சங்கு சீசனில் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அத்தான் கயிற்றை நான்தான் பிடிப்பேன். “கடலுக்குள்ள முங்கும்போது கயித்தப் பிடிக்கிறவன் என் தம்பி. இந்தப் பேய் மேல ஏறினாலும் அவன் கூட ஏறணும். இல்லன்னா இவரு போகப்பிடாது” என்றாள். படகின் மூக்கு தூக்காமல் இருக்க முன்பக்கம் எடைக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லதுதான் என்று முதலாளியும் சம்மதித்தார். ஆக, என் இஞ்சினில் நான் ஏறியது ஒரு மூட்டையாக.

முந்திக்கொண்டுதான் போனோம். கரை முழுக்க அத்தானுக்குக் கூச்சல். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பக்கத்தில் போன தோணியின் அலை ஒன்று அடியில் வந்து தூக்கியது. படகு சரிந்தது, அத்தான் தெறித்துத் தண்ணீரில் விழுந்தார். பிடி விட்டாயிற்று, இஞ்சின் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஆள் இல்லாத படகு பம்பரமாக வட்டம் போட்டது, வட்டத்துக்குள்ளே அத்தான் தலை.

தவழ்ந்து பின்னால் போய்ப் பார்த்தால், அந்தப் பிடியை இறுக்கிக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்! பாய்மரத்தில் வளர்ந்த கை அது. காற்று நிலைத்தபிறகு பாய்க்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும், கட்டிப்போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். இங்கேயும் அப்படியே கட்டிவிட்டார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. புரொப்பல்லர் அவர் பக்கம் திரும்பி வருகிறது. வேறு வழி இல்லை. ஓடுகிற இஞ்சினில் பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்கினேன். மேக்னெட்டோவின் கரண்ட் தோள்வரைக்கும் உதறி எறிந்தது. அது ஒரு சிலிண்டர்தான். மற்றதையும் பிடுங்கும்போது நெருப்பாய்க் கிடந்த புகைக்குழாயில் உள்ளங்கை ஒட்டி உரிந்தது. இஞ்சின் நின்றது. அத்தான் நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவரைப் பார்க்க ஆத்திரமாகவும் இருந்தது, உயிரோடு இருக்கிறாரே என்று அழுகையாகவும் வந்தது.

துரைமார் போட்டே எங்களைக் கரைக்கு இழுத்து வந்தது. அக்காள் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடிவந்தாள். “மாதாவே, மாதாவே” என்று அவரைக் கட்டிக்கொண்டாள், பிறகு நாலு சாத்து சாத்தினாள், பிறகு கை, கால், விரல் என்று தடவித் தடவிப் பார்த்தாள். என் கையைத் துணியில் நானே சுற்றிக்கொண்டேன்.

அப்புறம் முதலாளியிடம் திரும்பினாள். “மொதலாளி, இனிமே இவரு இதுல ஏறமாட்டாரு. எனக்குப் பிள்ளைக இருக்கு. என் தம்பி ஓட்டட்டும். அவனுக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா? ஒத்தக் கட்டைதான?”

கெட்ட மனசில் சொல்லவில்லை. அவளுக்கு அது அவ்வளவு சாதாரணமான விசயம். முதலாளிக்கும் சாதாரணம்தான். “அதுவும் சரிதான். என்ன தம்பி, ஓட்டுறீங்களா?” என்றார்.

எத்தனை நாளாக எதற்காக வெந்துகொண்டிருந்தேனோ அதைத்தான் நீட்டினார்கள். கையை எரித்துக்கொண்டு அவள் புருசனைக் காப்பாற்றியவன் எதிரே நிற்கிறேன், என் உயிரின் விலையைக் கரையில் வைத்துச் சொல்கிறாள் என் அக்காள். “ஓட்டுதேன் மொதலாளி” என்றேன்.

பந்தயத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்தார்கள். நான் மண்டிபோட்டு உட்கார்ந்தேன். இவன் கூட ஒருத்தன் ஏறணும் என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. எடைக்கு முன்பக்கத்தில் ஒரு மணல் மூட்டையைக் கட்டினார்கள். கட்டுப்போட்ட கையாலேயே ஓட்டி ஜெயித்தேன். முதலாளி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், கரையே கத்தியது. நான் அக்காளைத் தேடினேன். அத்தானுக்கு லேசாகக் காய்ச்சலாம், வீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாளாம்.