பொழுது சாய்வதற்குள் இன்னும் ஒரு கரண்டி

போன ஞாயிற்றுக்கிழமை, நெல் மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். மண்டிக்காரர் ஜெயபாலன் அண்ணன் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா... ரெண்டு கிலோ ஏறியிருக்குது!"

"அந்தக் காலத்து வீசைக் கணக்குல சொன்னா கம்மியா இருக்குமாண்ணே?"

பிள்ளைகளே, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இளைப்பதற்காகப் பதினைந்து நாளாக ராத்திரிச் சாப்பாட்டையே விட்டவன் நான்!

ஏன் விட்டேன்? போன வருஷம் என் மகள் மல்லிகாவை ராஜகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். பாதி மலையில் எனக்கு மூச்சு வாங்கியது... உட்கார்ந்துவிட்டேன். உச்சியில் இருக்கும் பீரங்கியைப் பார்க்காமலே அழுதுகொண்டு இறங்கினாள். இந்த வருஷம் கட்டாயம் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். டாக்டரோ, முதலில் உடம்பைக் குறை என்றார்.

ஜெயபாலன் அண்ணன் சமணர். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். ஆள் குச்சி மாதிரி இருப்பார். 'அடடா, இதுதான் வழி!' என்று நானும் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே தட்டு முன் உட்காருவேன். அப்போது பசியே இருக்காது. ஆனால் எட்டு மணிக்குப் பசித்தால்? பத்து மணிக்குப் பசித்தால்? அதை நினைத்து இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்வேன். வாசலில் நின்று மல்லிகா கத்துவாள்:

"சீக்கிரம் நைனா! சூரியன் மலைக்குப் பின்னால போவுது!"

அந்த அவசரத்தில் இன்னும் ஒரு கரண்டி.

இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "எனக்குப் பசிக்குது, சாப்புடறேன். நீ பசிக்கப்போவுதேன்னு சாப்புடற. ரெண்டும் ஒண்ணாப்பா?"

இரண்டும் ஒன்றில்லையா? வயிறு ஒன்றுதானே!

குழப்பத்தோடுதான் புதன்கிழமை நானும் மல்லிகாவும் மலை ஏறினோம். போன வருஷம் உட்கார்ந்த அதே பாறை வந்தது. உட்கார்ந்தேன். கை தானாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்துக்குப் போனது.

"நைனா, பசிக்குதா? இல்ல, ஏற பயமா இருக்குதா?"

யோசித்தேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

மல்லிகா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "இது பீரங்கிகிட்டத்தான்!" என்று மேலே ஓடினாள்.

நானும் எழுந்தேன். நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி, உச்சிக்கே போய்விட்டேன்.

பீரங்கிக்காக ஏறினேனா, புளிச்சோற்றுக்காக ஏறினேனா... அதுதான் இன்னும் விளங்கவில்லை.