தொங்க மறுத்த ஜெரேனியங்கள்

செடிகளைப் பற்றி நான் முதன்முதலாகப் பொய் சொன்னது தரைக்கு மேலேயே இருந்துவிட வேண்டும் என்பதற்காக. கடைசிப் பொய்யும் அதற்காகத்தான். நடுவில் சொன்னதெல்லாம் பழக்கதோஷம்.

தங்கவயலுக்கு நான் வந்தது சுரங்க வேலைக்கு. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயிலேறி வந்த மற்றவர்களைப் போல எனக்கும் ஒரு தொப்பியும் மெழுகுவர்த்தியும் கொடுத்து, ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நிறுத்தினார்கள். ஆட்களை உள்ளே இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பெயர். கேஜ் கீழே போயிற்று. என் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. இருட்டில் கைக்கு அகப்பட்ட துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். லெவல் என்கிற கீழ்த்தளம் வந்து எல்லோரும் இறங்கியபோது துணி என் கையில் இருந்தது. அதன் சொந்தக்காரர் மூலையில் ஒடுங்கிக்கொண்டு நின்றார்.

“யோவ், கோமணத்தக் குடுய்யா. அழணும்னா வேற எத்தையாவது புடிச்சினு அழு” என்றார்.

ஐந்து நாள் இறங்கினேன். ஐந்தாவது நாள் என்னோடு கேஜில் நிற்க ஆள் கிடைக்கவில்லை. எல்லோரும் கோமணத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த கேஜுக்குக் காத்திருந்தார்கள்.

என் மனைவி நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஒரு கேப்டன் பங்களாவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்தை மேற்பார்க்கிற வெள்ளைக்காரர்களுக்கு அங்கே கேப்டன் என்று பெயர். கப்பலுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த பங்களாவின் தோட்டக்காரர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று தெரிந்ததும், “எங்க வூட்டுக்காரருக்கு செடின்னா உசிரும்மா” என்று துரைசானியிடம் சொல்லி, மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள்.

நான் வளர்த்திருந்த ஒரே செடி கத்திரி. அதுவும் காய்க்கவில்லை.

“ஜெரேனியம் தெரியுமா?” என்று துரைசானி கேட்டார்.

“இன்னாம்மா இப்டி கேட்டுட்டீங்க? எங்க ஊர்ல வேலியே அதான்” என்றேன். அந்தச் சொல்லை அன்றுதான் கேட்கிறேன்.

துரைசானி தமிழைச் சமையற்காரரிடம் கற்றவர். அதனால் எதைச் சொன்னாலும் அடுப்பில் ஏற்றச் சொல்வதுபோலவே இருக்கும். தோட்டக்காரனை மாலி என்பார். பங்களாவின் மாடியில் மரத்தாலான பால்கனி ஒன்று இருந்தது. அதன் வெளிவிளிம்பு விட்டத்திலிருந்து ஆறு கம்பிக் கூடைகள் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. என்னை மாடிக்கு அழைத்துப்போய், விரலை மேலே நீட்டி, “மாலி, ஹேங்கிங்!” என்றார்.

நான் ஒரே தாவலில் படிக்கட்டுக்கு ஓடிவிட்டேன். சுரங்கத்தில் ஹேங்கிங் என்றால் தலைக்கு மேல் நிற்கிற பாறை. விரலை மேலே நீட்டி யாராவது அப்படிச் சொன்னால் ஓடவேண்டும். என்ன ஏது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்த ஐந்து நாளில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

துரைசானி கீழே வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் மறுபடி சொன்னார். “கூடைல செடி வை. செடி தொங்கணும். நல்லா தொங்கணும். தொங்குற ஜெரேனியம் பாத்து எடு. பெங்களூர் போ.”

மாதக் கடைசியில் சுற்றுவட்டத்து கேப்டன்களும் அவர்கள் மனைவிமாரும் டீ குடிக்க வருகிறார்களாம். மைசூர் மைன்ஸ் பக்கத்து துரைசானி ஒருத்தியின் வராந்தாவில் ரோஜா பூத்துக் குலுங்குகிறதாம். அவள் வாயை அடைக்க எங்கள் பால்கனியில் பூ தொங்கவேண்டும்.

“தொங்கலைன்னா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“தொங்கலைன்னா நீ கீழே போ” என்றார். தரையைக் காட்டினார்.

பெங்களூரில் நான் போன செடித் தோட்டத்தின் சொந்தக்காரர் பாதித் தமிழில் பாதிக் கன்னடம் ஊற்றிப் பேசுகிற பெரியவர். ஜெரேனியம் என்றதும் ஒரு வரிசை முழுக்கக் காட்டினார். தண்டு விறைப்பாக, இலை வட்டமாக, இலைக்கு நடுவில் லாடம் போட்டதுபோல் ஒரு வளையம். மேலே கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பூ. பார்க்க நன்றாகத்தான் இருந்தன. எல்லாம் போலீஸ்காரர்களைப் போல் நிமிர்ந்து நின்றன.

“இது வேணாங்க. தொங்குறது வேணும்” என்றேன்.

“தொங்குறதா?”

“ஆமாங்க. நல்லா தொங்கிப்போனதா பாத்து குடுங்க.”

இந்த இடத்தில் எங்கள் பேச்சைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் செடி தொங்கிப்போச்சு என்றால் வாடிப்போச்சு என்று அர்த்தம். வெயிலில் நின்ற கீரையும் தொங்கிப்போகும், மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளையின் முகமும் தொங்கிப்போகும். வெள்ளைக்காரர்களுக்கு எதெது பிடிக்கும் என்று நமக்கென்ன தெரியும்? நாறுகிற பாலாடைக்கட்டியை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள், வாடிய செடியை மாட்டிவைத்துப் பார்க்கமாட்டார்களா? அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோட்டத்தின் பின்பக்கம், சுவரோரமாக அழைத்துப்போனார். ஆட்கள் தண்ணீர் ஊற்ற மறந்த தொட்டிகள் அங்கே கிடந்தன. இலையெல்லாம் துவண்டு, தண்டு தலைகுனிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“இதான்! இதேதான்!” என்றேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கொஞ்சம் நிமிர்ந்திருந்ததைத் தள்ளிவைத்தேன். பெரியவர் ஒன்றைக் கொண்டுவந்து நீட்ட, “இது சரியா தொங்கலீங்க, என்னை ஏமாத்தப் பாக்காதீங்க” என்றுகூடச் சொன்னேன்.

“சாமி, நீங்க தினாலும் வரணும்” என்று பெரியவர் கைகூப்பினார்.

பன்னிரண்டு செடிகளோடு மாலை ரயிலில் திரும்பி, கூடைக்கு இரண்டாக நட்டு மாட்டினேன். ஆறு கூடையிலும் செடிகள் அழகாகத் துவண்டு கிடந்தன. துரைசானி வெளியே போயிருந்தார். காலையில் பார்த்து அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலையில் அசந்துபோனது நான். பன்னிரண்டு செடியும் விறைத்து நிமிர்ந்து நின்றன.

“ஏம்மே, யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனது?” என்று மனைவியிடம் கத்தினேன்.

“நான்தான். பொணம் மாதிரி கெடந்துச்சி, பாவமா இருந்துச்சி. இன்னா இப்போ?”

“தொங்குற செடியா பொறுக்கிப் பொறுக்கி எடுத்துனு வந்தேன்மே! நிமித்தி வுட்டுட்டியே!”

“தண்ணி ஊத்துனா நிமிரத்தான்யா செய்யும். உனக்குக் கஞ்சி ஊத்துனாதான் நிமிர மாட்ட.”

அதற்குள் துரைசானி பால்கனிக்கு வந்துவிட்டார். கூடைகளை அண்ணாந்து பார்த்தார். முகம் வாடியது, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், தொங்கிப்போனது.

“மாலி, இது நிக்குது.”

“புதுசுல நிக்கும்மா. பத்து நாள்ல தொங்கிரும். எங்க ஊர்ல எல்லாம் அப்டிதான்.”

அவர் விரலால் தரையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து அந்தச் செடிகளைத் தொங்கவைக்க நான் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. முதலில் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். இலை மஞ்சளாகி உதிர்ந்ததே தவிர, தண்டு வளையவில்லை. சுவரோரம் அவ்வளவு அடக்கமாகக் கிடந்தவை எங்களிடம் வந்ததும் பிடிவாதம் பிடித்தன. பயந்து மறுபடி தண்ணீர் ஊற்றினேன். முன்னைவிட விறைப்பாக நின்றன. கிளைகளைக் கையால் கீழே தடவிக் கொடுத்துப் பார்த்தேன். தினம் காலையில் எதிரே நின்று, “தொங்குடா கண்ணு, தொங்குடா” என்று கெஞ்சியதும் உண்டு. சமையற்காரர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் கல் கட்டலாம் என்று தோன்றியது. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு சணல் உருண்டை வாங்கினேன். பங்களாவுக்குப் பின்னால் சுரங்கத்திலிருந்து ஒதுக்கிக் கொட்டிய கழிவுக்கல் மேடு இருந்தது; அங்கே போய் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல் பொறுக்கி, கிளைக்கு ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டேன். கல் தெரியாமல் இலையை இழுத்து மூடினேன். இரண்டு நாளில் கிளைகள் வளைந்தன. நான்காவது நாள் கூடையின் விளிம்பைத் தாண்டிக் கீழே பார்த்தன. துரைசானி தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்.

“இன்னாயா, இது ஆவுற காரியமா?” என்றாள் மனைவி.

“டீ குடிச்சிட்டுப் போற வரைக்கும் தாங்குனா போதும்.”

டீ நாளும் வந்தது. துரைசானி மேசையைப் பால்கனிக்கு நேர் கீழே நிழலில் போடச் சொல்லிவிட்டார். நான் மாடியில் ஒரு தூண் மறைவில் நின்றுகொண்டேன். கீழே நான்கு கேப்டன்கள், நான்கு துரைசானிகள். ரோஜா வராந்தாக்காரி அண்ணாந்து பார்த்து உதட்டைச் சுழித்தாள். எங்கள் துரைசானியின் கழுத்து ஒரு முழம் நீண்டது.

அப்போது மெல்ல ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி.

முதல் கல் பால் குவளையில் விழுந்தது. இரண்டாவது கேக்கின் நடுவில். மூன்றாவது விழுவதற்குள் நான்கு கேப்டன்களும் அங்கே இல்லை. தலைக்கு மேலிருந்து கல் உதிர்ந்தால் சுரங்கக்காரன் யோசிக்கமாட்டான், அவன் கறுப்பாக இருந்தாலும் வெள்ளையாக இருந்தாலும். நாற்காலி, தொப்பி, சுருட்டு, மனைவி எல்லாவற்றையும் போட்டுவிட்டு “ஹேங்கிங்! ஹேங்கிங்!” என்று கத்திக்கொண்டு நால்வரும் புல்வெளியின் மறுகோடிக்கு ஓடினார்கள். எங்கள் கேப்டன் கையில் கோப்பையோடு ஓடினார், டீ சிந்தவில்லை. மேலே நானும் ஓடத் தொடங்கி, படியில் உருண்டு, கீழே வந்து சேர்ந்தேன். துரைசானிகள் நால்வரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். அவர்களைச் சுற்றி ஜெரேனியங்கள் விழுந்துகொண்டிருந்தன.

கேப்டன் திரும்பி வந்து கேக்கிலிருந்து கல்லை எடுத்தார். சணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தங்கவயலில் வேலைக்காரன் கையில் கல் இருந்தால் அது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. தங்கம் திருடினான் என்று ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள். கேஜுக்குப் பயந்து நான் பிடித்த வழி என்னை எங்கே கொண்டுவந்துவிட்டது, பாருங்கள்.

“எங்கே எடுத்த?”

பின்னால் இருந்த கழிவுக்கல் மேட்டைக் காட்டினேன். சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

“தொரை, அவரு திருடலீங்க. திருடுற அளவுக்கு அவருக்குப் புத்தி கெடையாது. யார வேணா கேட்டுப் பாருங்க.”

சமையற்காரர் பலமாகத் தலையாட்டினார்.

கேப்டன் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். கூடைகளை இறக்கச் சொல்லி ஒவ்வொரு கல்லாக அவிழ்த்தார். நாக்கால் நனைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற மூன்று கேப்டன்களும் டீயை மறந்து சுற்றி நின்றார்கள். முழுவதும் பார்த்து முடிக்க வெகுநேரமாயிற்று. அதற்குள் துரைசானி என்னிடம், “ஏன் கல் கட்டினே?” என்று கேட்டார்.

“தொங்கணும்னு சொன்னீங்கம்மா. தொங்கிப்போனதா பாத்துதான் வாங்கினேன். தண்ணி ஊத்துனதும் நிமிந்துக்குச்சி.”

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தமக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த சமையற்காரரைத் திரும்பிப் பார்த்தார். சமையற்காரர் உள்ளே போய்விட்டார்.

கேப்டன் கடைசிக் கல்லைத் தூக்கி எறிந்தார். “ஒண்ணுலயும் தங்கம் இல்ல. ஒரு பொடி இல்ல” என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகம். “கண்ணை மூடி அள்ளினாலும் ஒரு கல்லு மின்னுமே?”

“நாளைக்கு இவனைக் கீழே அனுப்புங்க” என்றார் துரைசானி.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதுமே கேஜ் இறங்குகிற சத்தம் கேட்டது.

“நோ, நோ!” என்று கேப்டன் பதறினார். “இவன் கீழே வேணாம். இவன் கீழே வந்தா தங்கத்தை எல்லாம் விட்டுட்டு மண்ணை மேலே அனுப்புவான். மேலேயே வை. மேலே செடி மட்டும்தான் சாகும்.”

மற்ற மூன்று கேப்டன்களும் தங்கள் சுரங்கத்திலும் என்னைச் சேர்க்கக்கூடாது என்று அங்கேயே முகத்தைக் குறித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய மனிதர்கள் ஒன்றுகூடி ஒருவனுக்கு வேலை மறுத்து, அவன் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டது அந்த ஊரில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அடுத்த வாரம் துரைசானியே என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார், வேறொரு தோட்டத்துக்கு. அங்கே நிழலில் ஒரு மேடை மேல் வேறு ஜாதி ஜெரேனியம் இருந்தது. இலை கோவை இலை மாதிரி கோணல்மாணலாக, ஆனால் மெழுகு தடவியதுபோல் தடிமனாகப் பளபளத்தது. லாட வளையம் இல்லை. கணுவுக்குக் கணு நீளம், மெலிந்த தண்டு, பச்சைப்பசேலென்று நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டே கீழே வழிந்தது. துரைசானி ஒரு கிளையைத் தூக்கி நிறுத்திக் கையை எடுத்தார். அது பொத்தென்று விழுந்தது.

“இது தொங்குது. அது வாடுது. புரியுதா?”

“புரியுதும்மா.”

“நீ எடு. பத்து.”

ஒவ்வொரு செடியாகத் தூக்கி நிறுத்தினேன். விழுந்ததை எல்லாம் எடுத்தேன், நின்றதை வைத்துவிட்டேன். பத்தை வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கினேன். அவர் குனிந்து பார்த்தார். இரண்டைத் திருப்பி மேடையில் வைத்தார். எட்டை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

மாலையில் அவற்றைக் கூடையில் நட்டுக்கொண்டிருந்தபோது மனைவி கைத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“எல்லாம் தொரசானியே பொறுக்குனதா?”

“நான் பொறுக்குனதுதான்மே. பத்துல எட்டு சரின்னு எடுத்துக்கினாங்க.”

அவள் கூடைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எட்டா? நீயா?” என்றாள். “சரி, நிஜத்தச் சொல்லு. கூட யாரு வந்தா?”