ஒரே வீட்டிலிருந்து இரண்டு விடைத்தாள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. கல்யாணத்தோடு பாதியில் நின்றுபோன கணிதப் பட்டத்தை முடித்தே தீருவது என்று அவள் கிளம்பியபோது வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நின்றிருந்தாலாவது சமாளித்திருப்பாள். மாமனார் கூடவே கிளம்பிவிட்டார்.

நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கும் ஒரு பட்டம் பாக்கி இருக்கும்மா" என்று சொல்லி, அதே மாலை வகுப்பில் அதே கிராஃப் தியரி பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம் என்று கேள்விப்பட்டதும் அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "புள்ளியும் கோடும்தானே? ஆயுசு பூரா நான் பண்ணின வேலை."

பாடம் நடத்தியவர் அவளைவிட வயதில் சின்னவர். மாணவர்கள் வைத்த பெயர் 'கறார் மேடம்'. முதல் நாளே பலகையில் விதிகளை எழுதிப்போட்டார். வீட்டுக் கணக்கை யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் தனியாக எழுத வேண்டும். பேசியவர் பெயரை மேலே குறிப்பிட வேண்டும். வகுப்பில் நிரூபித்த தேற்றத்தைத் தேர்வில் பயன்படுத்தலாம், ஆனால் அதன் நிபந்தனை ஒன்று விட்டுப்போனாலும் பாதி மதிப்பெண் போய்விடும்.

"இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு" என்று மாமனார் அவள் காதில் சொன்னார்.

இரண்டாவது வீட்டுக் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். கோடுகளின் எண்ணிக்கை புள்ளிகளைவிட ஒன்று குறைவாக இருந்தால் அது 'மரம்' ஆகுமா? எல்லாப் புள்ளியும் இணைந்திருக்க வேண்டும், சுற்றி வந்து மூடிக்கொள்ளும் வழி எங்கும் இருக்கக் கூடாது, அதுதான் மரம். சாப்பிட்டுக்கொண்டே இருவரும் அலசினார்கள். "ஆகும்" என்று முடிவுகட்டி, ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் பேசினதற்குப் பெயர் வேறு எழுதுவார்களா என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

கறார் மேடம் இருவரையும் அறைக்கு அழைத்து, விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தப்புகூட அச்சு அசலாக ஒன்றாக இருந்தது.

மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் மருமகளப் பாத்து நான் எழுதினேன்னு சொல்றீங்களா?"

"யாரு யாரப் பாத்து எழுதினாங்கன்னு நான் கேக்கல சார். பேசினீங்களா?"

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். "பேசினோம் மேடம். பேரு எழுதாதது எங்க தப்பு" என்றாள் அவள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் பூஜ்யம்" என்ற மேடம், ஒரு முக்கோணமும் அதற்குப் பக்கத்தில் ஒட்டாமல் தனியாக ஒரு புள்ளியும் வரைந்தார். "நாலு புள்ளி, மூணு கோடு. இது மரமா?"

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பளிச்சென்றது. எல்லாம் இணைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இருவருமே சரிபார்க்கவில்லை. பூஜ்யம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் அடைத்துவிடலாம் என்ற தைரியம் அதைவிடப் பெரிதாக இருந்தது. லென்ஸ் சட்டத்தில் உட்காரவில்லை என்றால் அவள் சட்டத்தைத் திட்டுகிறவள் அல்ல.

பேருந்தில் மாமனார் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் அவள் சொன்னாள்: "பரீட்சை முடியற வரைக்கும் வீட்ல கிராஃப் பேச்சு வேண்டாம் மாமா. நீங்க உங்க வழி, நான் என் வழி."

"நான் இல்லாம உனக்குத் தனியா வந்துருமா?"

"வந்துரும் மாமா."

அவர் ஒருமாதிரி பார்த்தார், பிறகு தலையாட்டினார். அதன்பின் அவர் பூங்கா பெஞ்சில் படித்தார். அவள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில், ஒவ்வொரு தேற்றத்திலும் ஒரு நிபந்தனையைத் தூக்கிவிட்டு, எது இடிந்து விழுகிறது என்று படம் போட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் இருவரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள். "வீடா இது, ஆஸ்பத்திரி வராண்டாவா?" என்று கணவன் கேட்டே விட்டான்.

தேர்வில் அதே கேள்வி, இந்த முறை நிபந்தனையோடு: எல்லாம் இணைந்திருந்தால், மரம்தான் என்று நிரூபி. கடைசிப் புள்ளியை நீக்கிப் பார்க்கலாம் என்று தொடங்கியவள், எதைக் கடைசி என்பது என்று திணறி, அவ்வளவையும் அடித்தாள். மூடிய சுற்று ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கோட்டை எடுத்தாலும் எல்லாம் இணைந்தே இருக்கும். சுற்றே இல்லாமல் போகும்வரை இப்படி எடுத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது மரம். ஆனால் மரத்தில் கோடுகள் புள்ளிகளைவிட ஒன்றுதான் குறைய வேண்டும், இப்போது அதைவிடக் குறைந்துவிட்டதே! முரண். மரத்தின் கோடுகளைப் பற்றி வகுப்பில் நிரூபித்த தேற்றத்தை நிபந்தனையோடு குறித்துவிட்டு நிமிர்ந்தாள். மூன்று வரிசை தள்ளி மாமனார் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தபோது அவள் வகுப்பில் இரண்டாவது. மாமனார் மயிரிழையில் தப்பித்துத் தேறியிருந்தார்.

"நிபந்தனைய விட்டுட்டேன்" என்றார் அன்று சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே. "நீ எப்படிப் போட்ட, சொல்லு."

சொன்னாள். பாதியில் அவர் மறித்து, அந்தக் கோட்டை எடுத்தால் இணைப்பு ஏன் அறாது என்று சண்டைக்கு வந்தார். கணவன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். அவள் குழம்புக் கரண்டியை ஓரம் தள்ளிவிட்டு, மேசைமேல் ஈர விரலால் ஒரு வட்டம் வரைந்தாள்.