கறிவேப்பிலைக் கொப்பில் ஒரு வாழைநார் முடிச்சு

சோழவந்தான் கொடிக்காலில் நாற்பது வருஷத்துக்கு மேல் வெற்றிலை கிள்ளியவன் நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போனதில்லை. முழங்கால் இனி ஏணி ஏற விடாது என்று ஆனபிறகு, திருநகரில் மகன் வீட்டுக்கு நானும் வீட்டுக்காரியும் வந்துவிட்டோம். பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் தன் பழைய செல்போனைக் கொடுத்தான். நான் பேச வேண்டியவள் பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் அதில் இலைகளைப் படம் பிடிக்கிறேன்.

இலை என்றால் இலை மட்டும் இல்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் யாராவது குடியிருப்பார்கள். செம்பருத்தி இலைக்கு அடியில் எறும்பு, முருங்கை இலையில் பொட்டுப் போல ஒரு வண்டு. கொடிக்காலில் இருந்தவரை இவற்றை நான் இப்படிப் பார்த்ததில்லை. அங்கே பூச்சி என்றால் பகையாளிதான். கடிபட்ட இலை ஒன்று கட்டுக்குள் போய்விட்டால் வியாபாரி மொத்தக் கட்டையும் ஒதுக்கிவிடுவார். அதனால் ஓட்டை இலையைக் கண்டால் கண் பார்க்கும் முன்பே கட்டைவிரல் நகம் கிள்ளிப் போட்டுவிடும். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவில் யோசனைக்கு இடமே கிடையாது. கொடிக்காலுக்குள் செருப்போடு போகமாட்டோம். அந்தப் பழக்கத்தில் இப்போதும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கறிவேப்பிலை மரத்துப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிடுவேன். “இது என்ன மீனாச்சியம்மன் சந்நிதியா?” என்று கேட்பாள் அவள்.

அந்த மரத்தில்தான் ஒருநாள் காக்கை எச்சம் மாதிரி ஒன்று நகர்வதைப் பார்த்தேன். புழு. படம் எடுத்தேன். நாலைந்து நாளில் அது பச்சையாகி, என் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. தொட்டால் தலையிலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டியது, ஒரு நாற்றம் வேறு. அதையும் எடுத்தேன். பிறகு இலைகள் வரிசையாக நிற்கும் ஒரு ஈர்க்கில் போய் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒற்றை நூல் போட்டு, பனையேறி கயிற்றில் சாய்ந்து நிற்கிற மாதிரி நின்று கூடாகிவிட்டது. இனி பாக்கி ஒரே ஒரு படம்தான். வண்ணத்துப்பூச்சி வெளியே வருகிற படம்.

அந்த ஈர்க்கு இருந்த கொப்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, மரத்திலேயே கை வைக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

“காய்க்காரன்கிட்ட ஓசிக் கறிவேப்பிலைக்குப் பல்லக் காட்டிட்டு வாரேன். வீட்டுல மரத்த வச்சுக்கிட்டு எனக்கு இது தேவையா?”

“இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கத்தா.”

“இன்னும் எம்புட்டு நாளு? பூச்சிக்குப் பிரசவமா பாக்குறீக?”

மறுநாள் காலையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. கூட்டைப் படம் எடுக்கப் போனை நீட்டினேன். குறுக்கே ஓர் ஓட்டை இலை மறைத்தது. அவ்வளவுதான், நகம் கிள்ளிவிட்டது. இலையை மட்டும் கிள்ளியிருந்தால் பரவாயில்லை. அடிக்காம்போடு கிள்ளிப் பழகிய கை. ஈர்க்கு முழுதும், கூட்டோடு, என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

அப்படியே நின்றேன். கூடு அசையவில்லை. உயிர் இருக்கிறதா, நான்தான் கொன்றுவிட்டேனா, ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரமாக அவளை ஒரு இலை பறிக்க விடாதவன் நான்.

அவள் பின்வாசலில் நின்று பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“சிவப்புத் துணிய உங்க கையில கட்டியிருக்கணும்!”

“செத்துப்போச்சோ என்னமோத்தா.”

“கொடி விழுந்தா என்ன செய்வீக? பாத்துக்கிட்டா நிப்பீக? தூக்கிக் கட்டுங்க.”

உள்ளே போய், மல்லிகை கட்ட வைத்திருந்த வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தாள். வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. இறுக்கினால் கொடி நெரியும், தளர்த்தினால் சரியும். முடிச்சுக்குள் ஒரு விரல் போய் வரவேண்டும். அதே மாதிரி ஈர்க்கைக் கொப்போடு சேர்த்துக் கட்டினேன். தலை எந்தப் பக்கம் இருந்தது என்பதில் சந்தேகம் வந்தது. செல்போனில் முந்தின நாள் படத்தைப் பார்த்துத்தான் மேலும் கீழும் சரிசெய்தேன். அதுவரை அந்தப் படங்களால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை.

ஈர்க்கு காய்ந்து இலையெல்லாம் உதிர்ந்தது. கூடு மட்டும் பச்சையாகவே இருந்தது. தினம் காலையில் காப்பிக்கு முன்பே போய்ப் பார்ப்பேன். எனக்கு முன்பே அவள் அங்கே நிற்பாள். கேட்டால், துணி காயப்போட வந்தேன் என்பாள். கையில் துணி இருக்காது.

ஒருநாள் கூடு கறுத்திருந்தது. அழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் குனிந்து பார்த்து, “இந்தாருங்க, உள்ள வெள்ளைப் புள்ளி தெரியுது” என்றாள். மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கூடு வெடித்தது. நனைந்த துணியைச் சுருட்டிப் போட்ட மாதிரி ஒன்று வெளியே வந்து, ஊர்ந்து ஏறி, நான் கட்டிய நார்முடிச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. மெல்ல மெல்ல இறக்கை விரிந்தது. கறுப்பு, ஓரத்தில் வரிசையாய் வெள்ளைப் புள்ளிகள்.

போனை நீட்டினேன். அவள் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். படத்தை எடுத்துவிட்டேன். வெயில் ஏறியதும் அது கிளம்பி, பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

படத்தைப் பார்த்தால் பூச்சி கொஞ்சம் மங்கல். முடிச்சு மட்டும் நார் நாராகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

“முடிச்ச நல்லா எடுத்திருக்கீக” என்றாள் அவள். “சரி, இன்னைக்கு ரசத்துக்கு மரத்துலயே பறிச்சுக்கலாம்ல?”

“தாராளமாப் பறி. இரு இரு, அந்தக் கொப்பு வேணாம்.”

பக்கத்துக் கொப்பில் ஒரு கொழுந்து இலையைத் திருப்பிக் காட்டினேன். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, மஞ்சளாக ஒரு முட்டை. அவள் சிவப்புத் துணியை அவிழ்த்து அந்தக் கொப்பில் கட்டினாள். மிச்சமிருந்த ஒரு கிழிசலை என் கட்டைவிரலில் சுற்றினாள்.