பிலோமினா அக்கா துப்பிய கவளம்

பிலோமினா அக்கா இறந்த செய்தி, நாங்கள் முன்பு வேலை பார்த்த கன்னியாகுமரி ஓட்டல் வாட்ஸ்அப்பில் பரப்பிய படமாக வந்தது. 'எங்கள் இத்தாலியச் சமையலின் அன்னை' என்று எழுதி, அடியில் முன்பதிவு எண்ணையும் போட்டிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏன் என்பது அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் கையால் சாப்பிட்ட மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். இத்தாலியில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பல வருடம் கவனித்துக்கொண்டவர். அந்த வீட்டுச் சமையலோடு ஊர் திரும்பினார். ஓட்டலில் அவர் சமைத்தார், நான் பரிமாறினேன். காலையிலேயே மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, ஈரத்துணியால் மூடிவைப்பார். பூண்டும் ஒலிவ எண்ணெயும் மணக்க, நம்மூர்ச் சிப்பி போட்டு அவர் கிளறும் பாஸ்தாவுக்காக நாகர்கோவிலிலிருந்து குடும்பமாக வருவார்கள். இத்தாலிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று ஒருமுறை கேட்டேன். "அங்க உள்ளதும் கடலுதான் மக்கா. அவன் சிப்பி வாயத் தொறந்தா நம்ம சிப்பி தொறக்காதா?" என்றார்.

பிறகு புது மேலாளர் வந்தார். உறையவைத்த பாஸ்தா பொட்டலங்கள் பெட்டி பெட்டியாக இறங்கின. அக்காவைக் காய் நறுக்க வைத்தார்கள். பொட்டலத்தை வெட்டி மைக்ரோவேவில் சூடாக்கினால், வெள்ளையாக ஏதோ பசைபோல வழியும். சூடான பிளாஸ்டிக் வாடை அடிக்கும். சிப்பி என்று அதில் கிடந்தது ரப்பர். அக்கா ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுத் தொட்டியில் துப்பினார். அதைவிடக் கேவலம், மெனு அட்டையில் அவர் படத்தைப் போட்டு 'வீட்டுக் கைப்பக்குவம்' என்று அச்சடித்தது. அது அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட வந்த அம்மா ஒருவர் அக்காவை அழைத்துக் கையைப் பிடித்துப் பாராட்டினார். அக்கா தட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"இது நான் வச்சதில்லம்மா. பையில வந்தது. வெட்டிச் சூடாக்குனாவ, அவ்வளவுதான்."

மேலாளர் ஓடிவந்து, அக்கா விளையாட்டுக்குச் சொல்வதாகச் சிரித்து மழுப்பினார். பிறகு உள்ளே அழைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"சாப்பிட வாறவங்கள இளிச்சவாயன்னு நெனச்சிட்டிய. எனக்கு இங்க நிக்கவே அருவருப்பா இருக்கு" என்று ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியேறினார். அவர் கணவர் நேரில் போய்க் கேட்டும் அந்தப் படத்தை அவர்கள் எடுக்கவில்லை. இப்போது அதே படத்துக்கு மாலை போட்டு, சாப்பிட வரும்படி ஊரைக் கூப்பிடுகிறார்கள்.

அக்காவுக்கு நோய் முற்றியிருந்தபோது வீட்டுக்குப் பார்க்கப் போனேன். யாரோ வாங்கிவந்த பாக்கெட் சூப்பில் வெந்நீர் ஊற்றி நீட்டினார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாஸ்தா ஏதாவது செய்யச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மக்கா. கஞ்சி போதும். ஆராவது அடுப்புகிட்ட நின்னு வச்சதா இருக்கட்டும்."

அவர் கணவர் எழுந்துபோய் அரிசி களைந்தார். அன்றைக்கு அக்கா கொஞ்சம் குடித்தார்.

அவருடைய சமையல் எனக்கு வரவில்லை. அருவருப்பு மட்டும் அப்படியே வந்துவிட்டது. இப்போது வேறொரு ஓட்டலில் பரிமாறுகிறேன். இங்கேயே செய்ததா என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.