இடது கையால் போட்ட கையெழுத்து

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் மடியில் ஒரு புதுக் கறுப்பு கோட். பிரிக்காத அந்தத் துணிக்கு ஒரு கஞ்சி வாசனை உண்டு.

"லாயராம்மா?"

"இப்பதான்க்கா என்ரோல் பண்ணேன். எந்த சீனியரும் சேத்துக்கல. ஒரகடத்துல ஒரு கம்பெனியில கூப்ட்டுகீறாங்க. லீகல் வேலையாம்."

"அதுக்கு கோட் எதுக்கு?"

"கேட்டா காட்டலாம்னுதான்" என்று சிரித்தாள். கம்பெனி கேட் வந்ததும் இறங்கிப் போனாள்.

நானும் அப்படி இறங்கிப் போனவள்தான். பட்டம் வாங்கிய புதிதில் வெள்ளைக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வீட்டு பீரோ முன்னால் நின்று வாதாடுவேன். பீரோ ஒருநாளும் எனக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னதில்லை. பிறகு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஒன்றரை வருடம் வழக்குக் கட்டு தூக்கினேன். வாய்தா வாங்க மட்டுமே வாயைத் திறந்தேன். கூடப் படித்த ஸ்டெல்லாதான் சொன்னாள், "ஒரகடத்துல ஒரு கம்பெனியில லீகலுக்கு ரெண்டு பேர் வேணுமாம், வா." சேர்ந்துவிட்டோம்.

எங்கள் அறை, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்புக்கு மேலே. கீழே இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேசையில் இருக்கும் டீயில் வளையம் எழும். நான் எழுதியதெல்லாம் மெமோ. தாமதமாக வந்தால் மெமோ, லைனில் பேசினால் மெமோ. நன்றாக எழுதுகிறேன் என்று மேனேஜர் பாராட்டியபோது, வெட்கமில்லாமல் வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஒரு நாள் காலை டீயில் வளையம் எழவில்லை. கீழே பிரஸ் நின்றிருந்தது. மணிமங்கலத்துக்காரர் செல்வம் அண்ணனின் வலது கை உள்ளே மாட்டி இரண்டு விரல்கள் போய்விட்டன. கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறதென்று ஒரு மாதமாக அணைத்து வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கொடுத்த புகார் என் மேசை வழியாகத்தான் போனது.

மூன்றாம் வாரம் கையில் கட்டோடு வந்தார். மேனேஜர் சொன்னபடி அவர் பெயரில் ஒரு கடிதத்தை நான் தயாராக வைத்திருந்தேன். 'விபத்துக்கு என் கவனக்குறைவே காரணம்' என்பது அதில் நான்காவது வரி.

"இன்னா மேடம் எழுதிகீது?"

"ஒண்ணுமில்லண்ணா. நடந்ததுக்கு ஒரு விளக்கம்."

"நீ படிச்ச பொண்ணு. சரியாதான் எழுதியிருப்ப" என்று பேனாவை இடது கையில் பிடித்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். நான் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். "அவருக்குப் படிச்சுக் காட்னியாடி?" என்றாள். நான் பேனாவையும் நீட்டினேன். அவள் காகிதத்தைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கும் வரவில்லை. நான் போனேன். திரும்பவும் அந்த சீனியருக்குப் பின்னால் கட்டு தூக்கி நிற்கப் பயம்.

அண்ணனை வேலையைவிட்டு நீக்கினார்கள். அவர் போட்ட வழக்கில் தொழிலாளர் நீதிமன்றத்தில் கம்பெனி காட்டிய முதல் ஆவணம் அந்தக் கடிதம்தான். வழக்கு தோற்றது. அன்று கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்த்துவிட்டு அவராகவே வந்தார்.

"நல்லாகீறியாம்மா?"

தலையை ஆட்டினேன். அந்த வாரமே வேலையை விட்டேன். அதனால் அவருக்கு என்ன வந்தது?

இத்தனை வருடமாக ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டவள், அந்தப் பெண் இறங்கிய அன்று போகிற வேலையைப் போட்டுவிட்டு மணிமங்கலத்துக்குப் போனேன். வழக்குக் கட்டில் பார்த்த விலாசம் மனப்பாடம். கோயிலுக்குப் பின் தெருவில் அவருடைய ஓட்டு வீடு இருந்த இடத்தில், கம்பெனித் தொழிலாளர்கள் தங்கும் மூன்று மாடி ஹாஸ்டல். எல்லா மாடியிலும் ஒரே நிறத்தில் யூனிபாரம் காய்ந்தது. அவர் விற்றுவிட்டுப் போனது எதிர்க் கடைக்காரருக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது.

ஹாஸ்டல் வாட்ச்மேனிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"செல்வமா? எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட்டு?"